மீட்டர் ஜீரோ காட்டினால் போதாதா? தினமும் கேஸ் காட்டிப் பார்க்கத்தான் வேண்டுமா?

மேன்வே | 02.04.2024, காலை 9:12

கேள்வி என்பதைவிட இதை ஒரு வாதமாகவே வைத்துக்கொள்ளுங்கள். சட்டையில் மாட்டும் நாலு வாயு மீட்டர்: எல்இஎல் (எரிவாயு தீப்பிடிக்கும் கீழ் எல்லையில் எத்தனை சதவீதம்), ஆக்ஸிஜன், கார்பன் மோனாக்ஸைடு, எச்2எஸ் (ஹைட்ரஜன் சல்பைடு). ஆன் செய்தால் செல்ஃப் டெஸ்ட் பாஸ். ஆக்ஸிஜன் 20.9, மற்ற மூன்றும் 0. ஆறு மாத கேலிபரேஷன் (எண்ணைச் சரிசெய்தல்) ஸ்டிக்கர் முதுகில் இருக்கிறது, என்ஏபிஎல் அங்கீகார லேப் சர்ட்டிபிகேட் ஃபைலில் இருக்கிறது. இதற்கு மேலும் தினம் காலையில் சிலிண்டரைத் திறந்து, அளவு தெரிந்த டெஸ்ட் கேஸைக் காட்டினால் கேஸ் விற்பவருக்குத்தான் லாபம். மறுப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள். போஸ்டர் வாசகம் வேண்டாம்.

ஸ்பான்கேஸ் | 02.04.2024, காலை 10:40

செத்த சென்சாரும் 0 தான் காட்டும். என்னைப் பொறுத்தவரை வாதம் அங்கேயே முடிந்தது. ஆனாலும் காரணம் கேட்டுவிட்டீர்கள்.

கார்பன் மோனாக்ஸைடு, எச்2எஸ் இரண்டுக்கும் இருப்பவை மின்வேதி சென்சார்கள். வாயு உள்ளே போய் மின்முனையில் வினைபுரிந்தால் மைக்ரோ ஆம்பியர் அளவில் கரண்ட் வரும். அதைத்தான் திரை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) ஆகக் காட்டுகிறது. வாயு இல்லையென்றால் கரண்ட் இல்லை, 0. எலக்ட்ரோலைட் காய்ந்துபோனாலும் கரண்ட் இல்லை, 0. முன்னால் இருக்கும் ஃபில்டரை சிமென்ட் தூசியோ பெயின்டோ அடைத்துவிட்டால் வாயு உள்ளேயே போகாது, அப்போதும் 0. திரையைப் பார்த்து இந்த மூன்றையும் பிரித்துச் சொல்ல முடியாது.

எல்இஎல் சென்சார், அதாவது பெல்லிஸ்டர், உள்ளே இரண்டு மணிகள். ஒன்றில் வினையூக்கி உண்டு, மற்றதில் கிடையாது. இரண்டையும் பிளாட்டினம் கம்பிச் சுருள் சுமார் 500 டிகிரிக்குச் சூடாக்குகிறது. வீட்ஸ்டோன் பிரிட்ஜில் ஆளுக்கொரு கை. எரியும் வாயு வந்தால் வினையூக்கி உள்ள மணி மட்டும் கூடுதலாகச் சூடேறும், பிரிட்ஜ் ஒரு பக்கம் சாயும். சிலிக்கோன் ஆவி பட்டு வினையூக்கி செத்துவிட்டால் இரண்டும் ஒரே சூட்டில் நிற்கும். பிரிட்ஜ் சமநிலையில் இருக்கும், திரையில் 0. கம்பி அறுந்தால் மீட்டர் தானே ஃபால்ட் சொல்லும். வினையூக்கி செத்தால் சொல்லாது.

ஆக்ஸிஜன் சென்சார் மட்டும் நல்ல காற்றிலேயே எப்போதும் சிக்னல் கொடுத்துக்கொண்டிருக்கும். வயதாக ஆக 20.3, 19.8 என்று தானே இறங்கும், அதனால் கண்ணில் பட்டுவிடும். நாலு எண்களில் அது ஒன்றுதான் தன் உடல்நிலையைத் தானாகச் சொல்கிறது. செல்ஃப் டெஸ்ட் என்பது பேட்டரி, பஸ்ஸர், விளக்கு, அதிர்வு, மெமரி இவற்றோடு சரி.

ஸ்டிக்கர் சொல்வது கேலிபரேஷன் நடந்த அந்த ஒரு நாளைப் பற்றி. மறுநாளே மீட்டர் தண்ணீர் வாளியில் விழுந்திருந்தால் ஸ்டிக்கருக்கு எப்படித் தெரியும்?

மேன்வே | 02.04.2024, காலை 11:05

சரி, அந்த 0 விஷயம் உறைக்கிறது. ஆனால் தினமும் எவ்வளவு கேஸ் போகும்?

ஸ்பான்கேஸ் | 02.04.2024, மதியம் 12:20

பெரும்பாலான மீட்டர்களுக்கு ரெகுலேட்டர் நிமிடத்துக்கு 0.5 லிட்டர். சில மாடல்களுக்கு 0.25 போதும், எம்எஸ்ஏ கம்பெனியின் ஆல்ட்டேர் 4எக்ஸ் அந்த வகை. அரை நிமிடம் திறந்தால் 0.25 லிட்டர். 58 லிட்டர் சிலிண்டரில் கணக்குப்படி 232 தடவை. டியூபில் இருக்கும் காற்றைத் தள்ளிவிடப் போகும் கேஸையும் கழித்தால் 200 என்று வையுங்கள். சிலிண்டர் விலையை 200 ஆல் வகுத்துப் பாருங்கள், ஒரு டீ காசோடு ஒப்பிடும் அளவில்தான் நிற்கும்.

காட்டும் முறை:

கேல் கேப்பை (டியூபில் வரும் கேஸை சென்சார் மேல் விடும் மூடி) மீட்டர் முகத்தில் பொருத்துங்கள். கேப் மேல் அம்புக்குறி இருந்தால் அந்தத் திசையில்தான் கேஸ் போக வேண்டும். ரெகுலேட்டரைத் திறங்கள். நாலு எண்களும் நகர வேண்டும், நாலு அலாரமும் அடிக்க வேண்டும். சிலிண்டரில் ஆக்ஸிஜன் 18 சதவீதம் இருப்பதே 19.5 அலாரம் அடிக்கிறதா என்று பார்க்கத்தான். மூடுங்கள். கேப்பைக் கழற்றுங்கள்.

கடைசி வரியைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கேப்போடு சட்டையில் மாட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. கேப் மாட்டிய மீட்டரும் நாள் முழுக்க 0 தான் காட்டும்.

இன்ஸ்ட்ரு_கடலோரம் | 02.04.2024, இரவு 9:31

மேலே சொன்னது சரி, ஆனால் இரண்டு வேலை ஒன்றாகக் கலந்துவிட்டது. அலாரம் அடிக்கிறதா என்று மட்டும் பார்ப்பது பம்ப் (bump) டெஸ்ட். (சாம்பிள் இழுக்கும் மோட்டாரையும் நாம் பம்ப் என்றுதான் சொல்கிறோம். ஸ்டோரில் இரண்டையும் குழப்பி மோட்டார் கிட் வாங்கிவந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இந்த இழையில் அதை மோட்டார் என்றே எழுதிவிடுகிறேன்.) எண் எவ்வளவு வருகிறது என்று சிலிண்டர் லேபிளோடு ஒப்பிடுவது கேலிபரேஷன் செக். மீட்டர் தயாரிப்பாளர் சொன்ன வரம்புக்குள், வழக்கமாக 10 முதல் 20 சதவீதத்துக்குள், வந்தால் விட்டுவிடலாம். வராவிட்டால் முழு கேலிபரேஷன்.

25 பிபிஎம் எச்2எஸ் சிலிண்டரில் மீட்டர் 12 காட்டினாலும் 10 பிபிஎம் அலாரம் அடிக்கும். பம்ப் டெஸ்ட் பாஸ். சென்சாரோ பாதி செத்திருக்கிறது. வெளியே நிஜமாக 20 பிபிஎம் இருந்தால் அந்த மீட்டர் 9.6 காட்டிச் சும்மா இருக்கும். அதனால் அலாரம் சத்தத்தைக் கேட்டதும் மூடிவிடாமல், எண் நிலைக்கும்வரை நின்று படித்துவிட்டு மூடுங்கள். இன்னொரு அரை நிமிட கேஸ், அவ்வளவுதான்.

ஸ்பான்கேஸ் | 03.04.2024, காலை 7:50

ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் 200 என்பது 100 தடவையாகக் குறையும். ஒரு சமரசம்: தினமும் பம்ப் டெஸ்ட், வாரம் ஒரு நாள் எண்ணையும் படித்து எழுதி வைப்பது. வெசல் (பிளான்ட்டின் பெரிய மூடிய கலன்) உள்ளே ஆள் இறங்கும் நாளில் எண் கட்டாயம். எழுதி வைப்பதால் இன்னொரு பலன், 25, 24, 22, 19 என்று இறங்கும் சென்சாரை முன்கூட்டியே ஆர்டர் போட்டுவிடலாம்.

குழிவாசல் | 03.04.2024, மாலை 6:15

பாதாளச் சாக்கடை கான்ட்ராக்ட் பக்கத்தில் இந்த சிலிண்டர், ரெகுலேட்டர் எல்லாம் யாரும் வாங்குவதில்லை அண்ணே. சிகரெட் லைட்டரைப் பற்றவைக்காமல் மீட்டர் முன்னால் அழுத்துவார்கள், எல்இஎல் எகிறும், "ஓகே". பைக் சைலன்சர் பக்கம் காட்டுவார்கள், கார்பன் மோனாக்ஸைடு ஏறும், "ஓகே". ஆக்ஸிஜனுக்கு வாயால் ஊதுவார்கள். எச்2எஸ்ஸுக்கு மட்டும் வழியில்லை, அதை விட்டுவிடுவார்கள். குழிக்குள் ஆளைக் கொல்வது அதுதான்.

ஸ்பான்கேஸ் | 03.04.2024, இரவு 8:02

லைட்டர் டெஸ்ட் பற்றி விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், பிளான்ட்டுக்குள்ளும் இது நடக்கிறது.

லைட்டரில் இருப்பது பியூட்டேன். பெல்லிஸ்டர் விஷமேறும்போது முதலில் போவது மீத்தேனைக் கண்டுபிடிக்கும் திறன், ஏனென்றால் எரிப்பதற்கு மிகக் கடினமான மூலக்கூறு மீத்தேன்தான். புரொப்பேன், பியூட்டேன், பென்டேன் எல்லாம் அரைகுறையாகச் செத்த வினையூக்கியிலும் எரியும். ஆக, லைட்டரில் பாஸ் ஆகும் மீட்டர் சாக்கடை மீத்தேனுக்குக் குருடாக இருக்கலாம். அதோடு லைட்டர் வாயில் வருவது கிட்டத்தட்ட சுத்த பியூட்டேன். மீட்டர் 100 சதவீத எல்இஎல் தாண்டி ஓவர் ரேஞ்சில் பூட்டிக்கொள்ளும். அடிக்கடி செய்தால் மணியின் ஜீரோ நகர்ந்துவிடும்.

சைலன்சர் புகையில் எத்தனை பிபிஎம் என்று யாருக்கும் தெரியாது. சூடும் ஈரமும் எண்ணெய்ப் புகையும் ஃபில்டரில் போய் உட்காரும். வாயால் ஊதுவது மட்டும் ஓரளவு நியாயம்: வெளிவிடும் மூச்சில் ஆக்ஸிஜன் 16–17 சதவீதம், 19.5 அலாரம் அடிக்கும். அதற்கு மேல் அது எதையும் நிரூபிக்காது.

எச்2எஸ்ஸுக்கு வழியில்லை என்றீர்களே, அந்த ஒரு வாயுவுக்காகவாவது சிலிண்டர் வாங்கத்தான் வேண்டும். 100 பிபிஎம் பக்கம் போனால் மூக்கு மரத்துப்போய் அழுகிய முட்டை நாற்றமே தெரியாது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் என்ஐஓஎஸ்எச் வைத்திருக்கும் அளவும் அதே 100. நாற்றம் நின்றுவிட்டது, வாயு போய்விட்டது என்று நினைத்து இறங்குவது அந்த இடத்தில்தான்.

குழிவாசல் | 03.04.2024, இரவு 8:40

சட்டமும் சும்மா இல்லை. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளைச் சாக்கடைக்குள் இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படியே குற்றம். இறப்புக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. ஆனால் மீட்டர் இருக்கிறது என்பதே இறங்க லைசென்ஸ் என்று நினைக்கிற சூப்பர்வைசர்களும் இருக்கிறார்கள். மெஷின் போகிற இடத்துக்கு மெஷின்தான் போக வேண்டும்.

மேன்வே | 04.04.2024, காலை 8:55

என் வாதம் போய்விட்டது, பரவாயில்லை. இப்போது நிஜமான சிக்கல். புது சிலிண்டரில் "மீத்தேன் 2.5 சதவீதம், 50 சதவீத எல்இஎல்" என்று போட்டிருக்கிறது. ஒரு மீட்டர் 50 ஏற்கிறது. வேறு பிராண்ட் மீட்டர் இதே கேஸுக்கு 57 காட்டுகிறது. எது பொய்?

இன்ஸ்ட்ரு_கடலோரம் | 04.04.2024, காலை 9:30

இரண்டுமே உண்மை. மீத்தேனின் கீழ் எரி எல்லை 5 சதவீதம் என்பது அமெரிக்கக் கணக்கு. ஐஎஸ்ஓ/ஐஇசி 80079-20-1 என்ற சர்வதேசத் தரப் பட்டியலில் 4.4 சதவீதம். 2.5 ஐ 5 ஆல் வகுத்தால் 50, 4.4 ஆல் வகுத்தால் 57. மீட்டருக்குள் எந்தக் கணக்கு என்று செட்டிங்கில் பாருங்கள்.

4.4 கணக்கில் இருக்கும் மீட்டரில் லேபிளைப் பார்த்து 50 என்று ஸ்பான் கொடுத்தால் (கேஸைக் காட்டி மீட்டருக்கு அந்த எண்ணைக் கற்றுக்கொடுத்தால்) அது எப்போதும் 12 சதவீதம் குறைத்துக் காட்டும். லேபிளில் எல்இஎல் எண்ணை நம்பாதீர்கள், கன அளவுச் சதவீதத்தைப் பாருங்கள். அது மாறாது.

எம்எஸ்ஏ சிலிண்டரில் மீத்தேன் 1.45 சதவீதம் இருக்கும், ஆனால் மீட்டரில் 58 எல்இஎல் என்று கொடுக்கச் சொல்வார்கள். அச்சுப் பிழை கிடையாது. 1.45 சதவீதம் மீத்தேன் கணக்கில் 29. அதை இரட்டிப்பாக்கி 58 என்று கொடுத்தால் மீட்டர் பென்டேனுக்குச் சரியாக இருக்கும், ஏனென்றால் மீத்தேனில் கேலிபரேட் செய்த பெல்லிஸ்டர் பென்டேன் ஆவியில் ஏறக்குறைய பாதிதான் காட்டும்.

மேன்வே | 04.04.2024, காலை 9:44

நாங்கள் கையாள்வது நாஃப்தா. அப்போது பென்டேன் சிலிண்டரே வாங்கிவிடலாமே?

ஸ்பான்கேஸ் | 04.04.2024, காலை 10:10

வேண்டாம். நேற்று லைட்டருக்குச் சொன்னது பென்டேன் சிலிண்டருக்கும் பொருந்தும். கேஸ் மீத்தேனாக இருக்கட்டும், எண் பென்டேன் சமமாக இருக்கட்டும். அப்போதுதான் விஷமேறிய சென்சாரும் பிடிபடும், நாஃப்தாவுக்கும் எண் ஓரளவு சரியாக வரும்.

டீசல், மண்ணெண்ணெய்க்கு இந்தக் கதை ஓடாது. கனமான ஆவி பெல்லிஸ்டருக்கு முன்னால் இருக்கும் உலோகச் சல்லடையிலேயே தங்கிவிடும். டீசல் டேங்க்கில் எல்இஎல் 0 என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அதற்கு பிஐடி (புற ஊதா ஒளியால் ஆவியை அயனியாக்கி அளக்கும் கருவி) வேண்டும்.

இன்ஸ்ட்ரு_கடலோரம் | 04.04.2024, மதியம் 1:25

நைட்ரஜன் விட்டு உள்ளே இருந்ததை வெளியேற்றிய (பர்ஜ் செய்த) வெசலிலும் இதே பொய் ஜீரோ வரும். பெல்லிஸ்டருக்கு எரிக்க ஆக்ஸிஜன் வேண்டும், 10 சதவீதத்துக்குக் கீழே அதன் எண்ணை நம்பக் கூடாது. ஆக்ஸிஜன் 2, எல்இஎல் 0 என்று வந்தால் அந்த 0 க்கு மதிப்பே இல்லை. அதனால்தான் முதலில் ஆக்ஸிஜன், பிறகு எரிவாயு, பிறகு விஷவாயு என்று படிக்கும் வரிசை. இதே காரணத்தால் நைட்ரஜனில் மீத்தேன் மட்டும் கலந்த சிலிண்டரை எல்இஎல் கேலிபரேஷனுக்கு வாங்காதீர்கள். கலவையில் ஆக்ஸிஜன் இருக்க வேண்டும்.

அகச்சிவப்பு எல்இஎல் சென்சாருக்கு ஆக்ஸிஜன் தேவையில்லை, சிலிக்கோனும் ஒன்றும் செய்யாது. ஆனால் ஹைட்ரஜன் அதன் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

மேன்வே | 09.04.2024, மாலை 4:20

முழு கேலிபரேஷன் செய்தோம். மூன்று மீட்டரில் எச்2எஸ் ஸ்பான் ஃபெயில். சிலிண்டர் புதுசு. சென்சாரை மாற்றிவிடலாமா?

இன்ஸ்ட்ரு_கடலோரம் | 09.04.2024, மாலை 5:02

அவசரப்படாதீர்கள். டியூப் என்ன டியூப்?

மேன்வே | 09.04.2024, மாலை 5:06

ஸ்டோரில் இருந்த வெள்ளை சிலிக்கோன் டியூப், சுமார் 2 மீட்டர்.

இன்ஸ்ட்ரு_கடலோரம் | 09.04.2024, மாலை 5:30

குற்றவாளி கிடைத்துவிட்டான். எச்2எஸ் ரப்பர், சிலிக்கோன் சுவர்களில் ஒட்டிக்கொள்ளும். 25 பிபிஎம் கிளம்பினால் மீட்டர் வாசலுக்கு வரும்போது குறைந்துதான் வரும். டைகான் அல்லது உள்ளே டெஃப்லான் பூசிய டியூப், ஒரு மீட்டர் நீளத்துக்குள் வெட்டிப் போடுங்கள். ரெகுலேட்டரும் துருப்பிடிக்காத எஃகாகவோ நிக்கல் பூசியதாகவோ இருக்கட்டும், வெறும் பித்தளை எச்2எஸ்ஸை விழுங்கும்.

மற்ற சந்தேகங்களும் வரிசையாக: ஃபேன் கீழேயோ காற்றடிக்கும் வாசலிலோ வைத்துச் செய்தீர்களா? கேப் இடுக்கில் காற்று புகுந்து கேஸைக் கலக்கிவிடும். முதல் ஒரு நிமிடம் கேஸை டியூப் வழியே ஓடவிட்டுப் பிறகு ஸ்பான் தொடங்கினீர்களா? மோட்டார் உள்ள மீட்டருக்கு 0.5 ரெகுலேட்டரை நேராக மாட்டினீர்களா? மோட்டார் அதைவிட அதிகம் இழுத்தால் தடைபட்டு அலாரம் போடும். அதற்கு, மோட்டார் இழுக்கும் அளவுக்கு மட்டும் கேஸ் விடும் டிமாண்ட் ரெகுலேட்டர்தான்.

ஃப்ளோ குறைந்தாலும் கூடினாலும் ஒன்றுதானே என்று சிலர் கேட்பார்கள். ஒன்றில்லை. ஃப்ளோ குறைந்தால் சென்சாருக்கு 25 க்கும் குறைவாகத்தான் போகும். மீட்டர் அதையே 25 என்று கற்றுக்கொண்டு வெளியே கூட்டிக் காட்டும். பொய் அலாரம் வரும், உயிர் போகாது. ஃப்ளோ கூடினாலோ கேப்பின் வெளி ஓட்டையை விரல் மறைத்தாலோ அழுத்தம் ஏறி சென்சார் அதிகமாகப் பார்க்கும், பிறகு வெளியே குறைத்துக் காட்டும். ஆபத்து இந்தப் பக்கம்தான்.

ஸ்பான்கேஸ் | 10.04.2024, காலை 7:15

வரிசையையும் எழுதிவிடலாம், பின்னால் வருகிறவர்களுக்கு உதவும். பட்டன் முறை மாடலுக்கு மாடல் வேறு. உள்ளே நடப்பது ஒன்றே. மீட்டரை ஆன் செய்து சென்சார் நிலைக்கவிடுங்கள். நல்ல காற்றில் ஜீரோ: எல்இஎல், கார்பன் மோனாக்ஸைடு, எச்2எஸ் 0 க்கும் ஆக்ஸிஜன் 20.9 க்கும் போகும். பிறகுதான் கேஸ். மீட்டர் கேஸை உணர்ந்து ஸ்பான் எடுக்க ஏறக்குறைய இரண்டு நிமிடம், அதாவது ஒரு லிட்டர். மூடி, கேப்பைக் கழற்றி, எண்கள் ஜீரோவுக்குத் திரும்புகின்றனவா என்று பாருங்கள். மீட்டரில் பதிந்திருக்கும் கேஸ் அளவும் லேபிளும் ஒன்றா என்று தொடங்குவதற்கு முன்பே சரிபாருங்கள். சிலிண்டர் கம்பெனியை மாற்றும்போது 25 க்குப் பதில் 20 வரும், 100 க்குப் பதில் 60 வரும், யாரும் கவனிப்பதில்லை.

ஜீரோ எடுக்கும் இடம் முக்கியம். ஜெனரேட்டர் பக்கத்தில் 10 பிபிஎம் கார்பன் மோனாக்ஸைடு இருக்கும்போது ஜீரோ எடுத்தால் அந்த 10 தான் புது 0. பிறகு நிஜத்தில் 45 ஆனால்தான் 35 அலாரம் அடிக்கும். சுத்தமான இடத்துக்கு வந்ததும் எண் மைனஸில் போனால் உடனே இதைச் சந்தேகியுங்கள். டாக்கிங் ஸ்டேஷன் (மீட்டரை வைத்தால் தானே டெஸ்ட் செய்யும் பெட்டி) வைத்திருப்பவர்கள் அதன் நல்ல காற்று டியூப் எங்கே போய் முடிகிறது என்று ஒரு தடவை கையால் பிடித்துக்கொண்டே போய்ப் பாருங்கள். ஏசி ரூமாக இருந்தால் நல்லது.

இன்ஸ்ட்ரு_கடலோரம் | 10.04.2024, இரவு 10:12

அந்த கடைசி வாக்கியத்தில்தான் எனக்குத் தகராறு. கார்பன் மோனாக்ஸைடுக்கு ஏசி ரூம் நல்லதுதான். ஆக்ஸிஜனுக்கு நம் கடற்கரை ஊர்களில் அது வம்பு.

உலர்ந்த காற்றில் ஆக்ஸிஜன் 20.95 சதவீதம். காற்றில் நீராவி ஏறினால் அந்த அளவுக்கு எல்லாமே நகர்ந்து இடம் விடும். 24 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம் உள்ள ஏசி ரூமில் நிஜ ஆக்ஸிஜன் 20.6. வெளியே 35 டிகிரி, 65 சதவீத ஈரப்பதம் என்றால் 20.2. ஏசி ரூமில் 20.9 என்று பூட்டிய மீட்டர் வெளியே வந்ததும் 20.4 காட்டும். சென்சாருக்கு ஒன்றும் ஆகவில்லை, அது பார்த்ததைத்தான் சொல்கிறது.

இதே மீட்டரோடு ஸ்டீம் அவுட் செய்த, அதாவது நீராவி விட்டுச் சுத்தம் செய்த வெசலுக்குள் போங்கள். உள்ளே 45 டிகிரி, சொட்டச்சொட்ட ஈரம். நிஜ ஆக்ஸிஜன் 19.0. ஏசி ரூமில் ஜீரோ எடுத்த மீட்டர் 19.2 காட்டி அலறும். வெளியே மேன்வே (வெசலுக்குள் ஆள் நுழையும் வாசல்) பக்கத்தில் ஜீரோ எடுத்த மீட்டர் 19.6 காட்டி அமைதியாக இருக்கும். ஷட்டவுனில் "மீட்டருக்கு மீட்டர் வித்தியாசம்" என்று சண்டை வருவதில் பாதி இதுதான்.

ஸ்பான்கேஸ் | 11.04.2024, காலை 6:58

கணக்கு சரி. ஆனால் இதைப் படித்துவிட்டு மேன்வே வாசலிலேயே ஜீரோ எடுக்க ஆரம்பித்துவிடுவார்கள், அங்கே வெசலிலிருந்து வெளியேறும் காற்று வீசிக்கொண்டிருக்கும். ஏசியை விட்டு வெளியே வந்து, காற்று வரும் திசையில் யூனிட்டை விட்டு விலகி நின்று, மீட்டர் வெளிச்சூட்டுக்கு வந்தபின் எடுங்கள். அலாரம் அடித்தால் ஈரம்தான் காரணம் என்று வாயால் முடிவு செய்யக் கூடாது. வெளியே வந்து, ப்ளோயரை ஓடவிட்டு, மறுபடி பாருங்கள். ஈரம் போனால் எண் ஏறும். மூடிய வால்வு வழியே நைட்ரஜன் கசிந்துகொண்டிருந்தால் ப்ளோயரை நிறுத்தியதும் மறுபடி இறங்கும்.

குழிவாசல் | 13.04.2024, மாலை 7:20

கிணறு தூர்வாருகிறவர்களுக்கு இந்த நாலு வாயு மீட்டர் போதுமா? மெழுகுவர்த்தி இறக்கிப் பார்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது.

ஸ்பான்கேஸ் | 13.04.2024, இரவு 9:05

போதாது. கிணற்றில் முக்கியச் சந்தேகம் கார்பன் டை ஆக்ஸைடு, நாலு வாயு மீட்டரில் அதற்கு சென்சாரே இல்லை. ஆக்ஸிஜன் குறைவதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்பார்கள். கணக்குப் போடுங்கள்: 4 சதவீதம் கார்பன் டை ஆக்ஸைடு கலந்தால் ஆக்ஸிஜன் 20.9 லிருந்து 20.1 க்குத்தான் இறங்கும். 19.5 அலாரம் அடிக்காது. அந்த 4 சதவீதம், 40,000 பிபிஎம், உயிருக்கு உடனடி ஆபத்து என்று குறித்திருக்கும் அளவு. மெழுகுவர்த்தி இன்னும் மோசம், ஆக்ஸிஜன் 16 பக்கம் போனால்தான் அணையும். மீத்தேன் இருந்தால் அணையாது, வேறு வேலை செய்யும்.

ஆக்ஸிஜன் எண்ணை வைத்து விஷவாயுவைக் கணிப்பதே தப்பு. ஆக்ஸிஜன் 1 சதவீதம் இறங்க ஏறக்குறைய 5 சதவீதம் வேறு வாயு உள்ளே வர வேண்டும், அதாவது 50,000 பிபிஎம். எச்2எஸ்ஸுக்கு 100 பிபிஎம் போதும் என்று மேலே பேசினோம்.

கிணறு, வைன் தொட்டி, நொதிக்கும் தீவனக் குழி இவற்றுக்கு அகச்சிவப்பு கார்பன் டை ஆக்ஸைடு சென்சார் உள்ள ஐந்தாவது சேனல் கேளுங்கள்.

குழிவாசல் | 13.04.2024, இரவு 9:22

குழிக்குள் இருக்கிற காற்றை இழுத்துப் பார்க்க ஹோஸ் இறக்கும்போது எவ்வளவு நேரம் நிற்கணும்? ஆளுங்க இறக்கின வேகத்திலேயே இழுத்துடறாங்க.

இன்ஸ்ட்ரு_கடலோரம் | 14.04.2024, காலை 8:30

புத்தாண்டு வாழ்த்து, கூடவே கணக்கு. 3 மில்லிமீட்டர் உள்விட்டம், 10 மீட்டர் ஹோஸ்: உள்ளே 71 மில்லி காற்று. மோட்டார் நிமிடத்துக்கு 300 மில்லி இழுத்தால் கீழே உள்ள காற்று மேலே வரவே 14 விநாடி. அதன் பிறகு சென்சார் முழு எண்ணுக்கு ஏற அரை நிமிடமாவது வேண்டும். ஆக, ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு நிமிடம். நிறுத்தம் 1.2 மீட்டருக்கு ஒன்று. மீத்தேன் காற்றைவிட லேசு, மேலே நிற்கும். எச்2எஸ் கொஞ்சம் கனம், கீழே தங்கும். கார்பன் மோனாக்ஸைடு காற்றோடு காற்றாகக் கலந்திருக்கும். கீழே மட்டும் பார்த்தாலும் மேலே மட்டும் பார்த்தாலும் ஒன்று தப்பிவிடும்.

இறக்குவதற்கு முன் ஹோஸ் முனையைக் கட்டை விரலால் அடையுங்கள். மோட்டார் தடைபட்டு அலாரம் போட வேண்டும். போடாவிட்டால் நடுவில் எங்கோ ஓட்டை, மீட்டர் மேல்காற்றைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறது. முனையில் நீர் தடுக்கும் ஃபில்டர் இல்லாமல் இறக்காதீர்கள். பம்ப் டெஸ்ட்டையும் ஹோஸ் முனையிலிருந்தே செய்து பாருங்கள், நீளமான ஹோஸ் எச்2எஸ்ஸை எவ்வளவு விழுங்குகிறது என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று, சகதி கலங்காதவரை எச்2எஸ் அதற்குள்ளேயே இருக்கும். மேலிருந்து பார்த்து 0 என்று இறங்கி, காலை வைத்ததும் கிளம்பும். அதனால் இறங்குகிறவர் சட்டையிலும் ஒரு வாயு மீட்டர் வேண்டும், மூக்கிலிருந்து 25–30 சென்டிமீட்டருக்குள், காலர் பக்கம். இடுப்பு பெல்ட்டில் மாட்டினால் அது இடுப்பு சுவாசிக்கும் காற்றைத்தான் அளக்கும்.

மேன்வே | 18.04.2024, காலை 11:40

பேட்டரி சார்ஜிங் ரூமில் தினமும் கார்பன் மோனாக்ஸைடு 40, 60 என்று அடிக்கிறது. அங்கே எரிவது எதுவுமே இல்லை.

ஸ்பான்கேஸ் | 18.04.2024, மதியம் 12:15

ஹைட்ரஜன். லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது வெளிவிடும். கார்பன் மோனாக்ஸைடு சென்சார் அதையும் பார்த்து ஏமாறும். ஹைட்ரஜன் ஈடுசெய்யும் சென்சார் தனியாகக் கிடைக்கிறது. ஆனால் அலாரத்தை அணைப்பதற்கு முன் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறதா என்று பாருங்கள், அந்த எண் ஒரு விதத்தில் உதவிதான் செய்கிறது.

சானிடைசர் போட்ட கையோடு மீட்டரை எடுத்தாலும் இதே கூத்து. ஆல்கஹால் ஆவி கார்பன் மோனாக்ஸைடையும் எல்இஎல்லையும் ஏற்றிவிடும், இறங்க நேரமாகும். மீட்டரைத் துடைக்க ஈரத்துணி போதும். டாஷ்போர்டு பாலிஷ், சிலிக்கோன் ஸ்ப்ரே, கேஸ்கெட்டுக்குப் போடும் ஆர்டிவி பேஸ்ட் மூன்றையும் மீட்டர் வைக்கும் அலமாரியில் வைக்கவே வேண்டாம்.

குளோரின், நைட்ரஜன் டை ஆக்ஸைடு இருக்கும் இடத்தில் எச்2எஸ் எண் மைனஸ் பக்கம் இழுக்கப்படும். பொய் அலாரத்தைவிட அது மோசம், இருக்கிற எச்2எஸ்ஸை மறைத்துவிடும்.

மேன்வே | 18.04.2024, மாலை 3:10

அலாரம் செட்டிங் என்ன வைக்கலாம்? வந்தபடியே முதல் அலாரம் 10, இரண்டாவது 15 என்று இருக்கிறது எச்2எஸ்ஸுக்கு.

இன்ஸ்ட்ரு_கடலோரம் | 18.04.2024, இரவு 9:48

ஏசிஜிஐஎச் (அமெரிக்கத் தொழில் சுகாதார வல்லுநர் அமைப்பு) 2010 இல் எச்2எஸ்ஸை 8 மணி நேரத்துக்கு 1 பிபிஎம், 15 நிமிடத்துக்கு 5 பிபிஎம் என்று இறக்கிவிட்டது. பெட்டியில் வரும் 10, 15 அதற்கு முந்தைய பழக்கம். 1 இல் அலாரம் வைத்தால் பல சென்சார்களில் சும்மா இருக்கும்போதே துடிக்கும், ஆட்கள் மீட்டரை ஹெல்மெட்டுக்குள் போட்டு மூடுவார்கள். 5, 10 என்று வைத்து, 15 நிமிட சராசரி அலாரத்தை 5 இல் விடுங்கள். கார்பன் மோனாக்ஸைடு 35, 200. எல்இஎல் 10, 20. ஆக்ஸிஜன் 19.5, 23.5. உங்கள் கம்பெனி விதி இதைவிடக் கடுமையாக இருந்தால் அதுவே.

8 மணி நேர சராசரி பற்றி ஒரு வரி: சில மாடல்களில் மீட்டரை ஆஃப் செய்து ஆன் செய்தால் அது மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். சாப்பாட்டு நேரத்தில் ஆஃப் செய்கிறவர்களின் சராசரி அரை ஷிஃப்ட் கணக்குதான்.

மேன்வே | 25.04.2024, காலை 10:05

ஸ்டோரில் காலாவதியான சிலிண்டர் இரண்டு, நிறைய கேஸ் இருக்கிறது. பம்ப் டெஸ்ட்டுக்காவது பயன்படுத்தலாமா?

ஸ்பான்கேஸ் | 25.04.2024, காலை 10:50

முதலில் நினைத்தது, அலாரம் அடிக்கிறதா என்று மட்டும் பார்க்கத்தானே, ஆகட்டும் என்று. யோசித்தால் வேண்டாம். கார்பன் மோனாக்ஸைடும் மீத்தேனும் அப்படியே இருக்கும், எச்2எஸ் மட்டும் சிலிண்டர் சுவரில் கரைந்துகொண்டே போகும். 25 என்று போட்ட சிலிண்டரில் 15 ஆகிவிட்டால், நல்ல மீட்டரும் 15 காட்டும். ஆட்கள் மீட்டரைக் குறை சொல்வார்கள், அல்லது அதே கேஸில் ஸ்பான் எடுத்து 15 ஐ 25 ஆக்கிவிடுவார்கள். அடுத்து புது சிலிண்டர் மாட்டினால் 42 காட்டும், எல்லா மீட்டரும் ஃபெயில். திறந்த வெளியில், காற்றுப் போக்கில், ஆளில்லாத பக்கம் காலி செய்து ஓரம் கட்டுங்கள்.

மேன்வே | 25.04.2024, காலை 11:15

புதிதாக எந்த சைஸ் வாங்கலாம்? 34, 58, 103 மூன்றும் சொல்கிறார்கள். மீட்டர் 14.

ஸ்பான்கேஸ் | 25.04.2024, மதியம் 12:00

14 மீட்டர், தலா 0.25 லிட்டர், நாளுக்கு 3.5 லிட்டர். 58 லிட்டர் 16 நாள் வரும், 103 லிட்டர் 29 நாள். உங்களுக்கு 103 தான். இரண்டே மீட்டர் வைத்திருப்பவருக்கு 34 லிட்டரே இரண்டு மாதம் தாண்டும். கேஜ் நேராகக் கணக்குச் சொல்லும்: 500 பிஎஸ்ஐ நிரப்பிய 58 லிட்டர் சிலிண்டர் 250 காட்டினால் மீதி 29 லிட்டர். வேலை முடிந்ததும் ரெகுலேட்டரைக் கழற்றிவிடுங்கள், மாட்டியே வைத்தால் சனி ஞாயிறில் கசிந்து திங்கட்கிழமை கேஜ் பாதியில் நிற்கும். வாங்கும்போது லேபிளில் தயாரித்த தேதி பார்த்து எடுங்கள், டீலர் அலமாரியில் ஆறு மாதம் தூங்கிய சிலிண்டருக்கும் விலை அதேதான்.